நட்சத்திரக் குறி: ஃபாக்ஸ்ப்ரோ கோப்புகளும் திருப்பூர்த் தொழிலாளியின் வேலைநாட்களும்

1994 முதல் 1999 வரை திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் சம்பளக் கணக்கைக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்டிருந்தவன் நான். ஆபரேட்டர் என்று பெயர். கம்பெனியின் பெயர் இந்தக் கட்டுரைக்கு வேண்டாம். தொழிலாளர் வரலாறு என்றால் நம் பக்கங்களில் வேலைநிறுத்தம், தடியடி, ஒப்பந்தம், துரோகம் என்றுதான் எழுதிக்கொண்டிருக்கிறோம். எழுத வேண்டியதுதான். நான் எழுத வந்திருப்பது வேறு. ஒரு டேட்டா ஃபைலில் இடத்தைக் காலி செய்வது எப்படி, அப்படிக் காலியான இடம் யாருடையது என்கிற, கேட்டதும் கொட்டாவி வரக்கூடிய சமாச்சாரம். தோழர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். தொழில்நுட்பம் என்று நாம் ஒதுக்கி வைக்கிற இடத்தில்தான் பத்து வருட உழைப்பு சத்தமில்லாமல் காணாமல் போகிறது.

முதலில் கோப்பு. டிபேஸ், ஃபாக்ஸ்ப்ரோ வகைக் கோப்புகளின் கட்டுமானம் எளிமையானது. தலைப்பகுதியில் மொத்தம் எத்தனை வரிகள், ஒவ்வொரு வரிக்கும் எத்தனை எழுத்து, எந்தக் கட்டம் எவ்வளவு அகலம் என்கிற விவரம் இருக்கும். அதற்குக் கீழே வரிவரியாக ஆட்கள். எல்லா வரியும் ஒரே நீளம். பெயருக்குப் 12 எழுத்து என்று ஒதுக்கிவிட்டால் மணிக்கும் 12, பாலசுப்பிரமணியத்துக்கும் 12. இங்கிலீஷ் எழுத்தில்தான் அடிப்போம் என்பதால் பாலசுப்பிரமணியம் வாலறுந்து 'பாலசுப்ரமன்' என்று நிற்பார். யாரும் புகார் சொன்னதில்லை. சனிக்கிழமை ராத்திரி கவரில் பணம் சரியாக இருந்தால் போதும், பெயர் எப்படி இருந்தால் என்ன.

ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரே ஓர் எழுத்துக்கு இடம் உண்டு. அது பெயருக்கோ டோக்கன் நம்பருக்கோ உரியதில்லை. சாதாரணமாக அது வெற்றிடமாக இருக்கும். 'டெலீட்' என்று ஆணை கொடுத்தால் அந்த வெற்றிடத்தில் ஒரு நட்சத்திரக் குறி வந்து உட்காரும். நடப்பது அவ்வளவுதான். ஆள், அவருடைய அப்பா பெயர், சேர்ந்த தேதி, ஷிப்டுக்கு எவ்வளவு ரூபாய் என்பதெல்லாம் அப்படியே இருக்கும். 'செட் டெலீட்டட் ஆன்' என்று ஒரு வார்த்தை அடித்துவிட்டால் நட்சத்திரம் போட்ட ஆட்கள் திரையில் வரமாட்டார்கள், கூட்டலில் வரமாட்டார்கள், ஆடிட்டருக்குப் போகும் ரிப்போர்ட்டில் வரமாட்டார்கள். ஆனால் கோப்புக்குள்ளே இருப்பார்கள். 'ரீகால்' என்று சொன்னால் நட்சத்திரம் உதிர்ந்து திரும்பி வருவார்கள். இருப்புக்கும் இன்மைக்கும் நடுவில் இப்படி ஒரு நிலையைப் பற்றிப் பிரெஞ்சுக்காரர்களைப் படிப்பதற்கு முன்பே நான் தினமும் விசைப்பலகையில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிவான ஆணை 'பேக்'. நட்சத்திரம் இல்லாத வரிகளை மட்டும் ஒரு தற்காலிகக் கோப்பில் நகலெடுத்து, பழைய கோப்பை நீக்கிவிட்டு, புதியதற்குப் பழைய பெயரையே ஃபாக்ஸ்ப்ரோ சூட்டும். கோப்பு சிறுத்துப் போகும். வரிசை எண்கள் எல்லாம் மாறி, 218வது ஆள் 217வது ஆள் ஆகிவிடுவார். அதற்கப்புறம் ரீகால் பலிக்காது. இடத்தை 'மீட்பது' என்றுதான் கையேடுகள் இதைச் சொல்லின. நிலமீட்பு, அடகு வைத்த நகையை மீட்பது என்று நாம் புழங்குகிற அதே மீட்பு.

இந்தக் கோப்பு வடிவத்தின் பூர்வீகம் கலிபோர்னியா. வெய்ன் ராட்லிஃப் என்ற பொறியாளர் அங்கே ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, 1970களின் கடைசியில், கால்பந்துப் பந்தயக் கணக்குக்காக எழுதிய 'வல்கன்' என்ற நிரல்தான் பிறகு ஆஷ்டன்-டேட் நிறுவனத்தின் டிபேஸ் ஆனது. ஃபாக்ஸ் சாஃப்ட்வேர் அதற்குப் போட்டியாகக் கொண்டுவந்ததுதான் ஃபாக்ஸ்ப்ரோ. அந்த நிறுவனத்தை 1992இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 2007இல், இனிமேல் புதிய பதிப்பு கிடையாது என்று அறிவித்தது. நட்சத்திரக் குறி மட்டும் கடைசிப் பதிப்பு வரை அதே இடத்தில் இருந்தது. அன்றைக்கு ஃப்ளாப்பியில்தான் கோப்புகள் வாழ்ந்தன. ஒரு வரியை நீக்கியவுடன் அதற்குக் கீழே இருப்பதையெல்லாம் மேலே இழுத்து எழுதுவதென்றால் கம்ப்யூட்டர் திணறும். அதனால் இப்போதைக்குக் குறி போடு, நேரம் கிடைக்கும்போது மொத்தமாகச் சுத்தம் செய் என்று வைத்தார்கள். நல்ல பொறியியல்தான். அதில் சதி எதுவும் இல்லை. திருப்பூருக்கு வந்து சேர்ந்தபோது அது வேறு ஒன்றோடு கலந்தது.

அந்த வேறு ஒன்றைச் சொல்ல 1984க்குப் போக வேண்டும். பஞ்சப்படி கேட்டு 127 நாள் நடந்த வேலைநிறுத்தம். எனக்கு அப்போது 12 வயது. எங்கப்பா நிட்டிங் மெஷின் ஓட்டியவர், அந்த 127 நாளும் வெளியே நின்றவர். அதற்குப் பிறகு திருப்பூரில் நடந்ததை ஷரத் சாரி 2004இல் வந்த தம் புத்தகத்தில் விரிவாகவே எழுதியிருக்கிறார். காட்டிலும் பட்டறையிலும் வேலை செய்த கொங்கு வேளாளக் கவுண்டர்கள் தங்கள் 'உழைப்பை'யே மூலதனமாகச் சொல்லி முதலாளிகள் ஆனது, கூட்டாளிகளாகச் சேர்ந்து சின்னச் சின்ன யூனிட்டுகளாக உற்பத்தியைப் பிரித்து ஒன்றோடொன்று பிணைத்தது, ஏற்றுமதி பெருகப் பெருகப் பெண்கள் பெருமளவில் வேலைக்கு வந்தது, அவர்களுடைய உழைப்பு மட்டும் உழைப்பாகக் கணக்கில் வராமல் போனது. அவர் மூலதனத்தின் பக்கமிருந்து பார்த்ததை நான் கோப்பின் பக்கமிருந்து பார்த்தேன். எங்கள் ஆபீசில் ஒரே மேசையில், ஒரே கம்ப்யூட்டரில், மூன்று கம்பெனிகளின் சம்பளக் கணக்கு இருந்தது. நிட்டிங்குக்கு ஒரு பெயர், தையலுக்கு ஒரு பெயர், செக்கிங்குக்கும் பேக்கிங்குக்கும் இன்னொரு பெயர். வாசல் ஒன்று, மாடிப்படி ஒன்று.

தமிழ்நாடு அரசு 1981இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. தொழில் நிறுவனத்தில் 24 மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரத் தொழிலாளி ஆக்க வேண்டும். 1972ஆம் வருடத்துப் பணிக்கொடைச் சட்டப்படி ஐந்து வருடம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு, வருடத்துக்குப் 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை. ஆக ஒரு தொழிலாளியின் உரிமை முழுக்க 'தொடர்ந்து' என்ற ஒரே வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது. தொடர்ச்சி என்பதற்குச் சாட்சி எது? பழைய நாளில் மஸ்டர் ரோல். எங்கள் நாளில் கோப்பு.

நான் இருந்த கம்பெனியில் ஒன்றே கால் வருடத்துக்கு ஒருமுறை டோக்கன் 'மூடுவார்கள்'. ஆபீஸ் மேனேஜர் ஒரு தாளில் நம்பர்களை எழுதித் தருவார். அந்த நம்பர்களை முதல் கம்பெனிக் கோப்பில் டெலீட் செய்து, இரண்டு வாரம் கழித்து மூன்றாவது கம்பெனிக் கோப்பில் புதிய நம்பரில் சேர்க்க வேண்டும். அந்த இரண்டு வாரமும் அந்தப் பெண்கள் அதே பெஞ்சில் பிசிர் வெட்டிக்கொண்டுதான் இருப்பார்கள். சம்பளம் வவுச்சரில் போகும். ஆளை யாரும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. வாசலில் கத்தல் இல்லை, சங்கம் கொடி பிடிக்கக் காரணம் இல்லை. ஒரு எழுத்து மாறியது, அவ்வளவுதான். அதிகாரம் எப்போதும் பூட்ஸ் காலோடுதான் வரும் என்று நம்பிக்கொண்டிருந்த நம் அரசியலுக்கு இந்த எழுத்து கண்ணில் படவே இல்லை.

"எதுக்குங்க டெலீட், பழசு கெடந்துட்டுப் போகட்டுமே" என்று ஒருமுறை கேட்டேன்.

"டிஸ்க்குல எடமில்லீங்க தம்பி. எடத்த அடைச்சு வெச்சுட்டு என்ன பண்றது. பேக் பண்ணி விடுங்க" என்றார் மேனேஜர்.

அப்போது எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இடமில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த உண்மை மாதிரி இருந்தது. பல வருடம் கழித்துத்தான் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாரச் சம்பளக் கோப்பில் ஒரு ஆளின் ஒரு வாரத்துக்கு ஒரு வரி. டோக்கன் 4 எழுத்து, வாரக்கடைசித் தேதி 8, ஏழு நாள் ஷிப்டுக்கு நாளுக்கு 3 வீதம் 21, ரேட் 6, முன்பணம் 6, பி.எஃப். - இ.எஸ்.ஐ. பிடித்தம் 6, கைக்கு வருவது 8. மொத்தம் 59. முன்னால் நட்சத்திரத்துக்கு ஒன்று, ஆக 60. மூன்று கம்பெனியும் சேர்ந்து 600 பேர். 52 வாரம். 600ஐ 52ஆல் பெருக்கி 60ஆல் பெருக்கினால் 18,72,000 எழுத்து. அதாவது 600 பேர் ஒரு வருடம் பட்ட பாடு 1.44 எம்.பி. ஃப்ளாப்பி இரண்டில் அடங்கும். எங்கள் 386 கம்ப்யூட்டரில் இருந்தது 40 எம்.பி. டிஸ்க். டாஸுக்கும் ஃபாக்ஸ்ப்ரோவுக்கும் ஏற்றுமதி இன்வாய்ஸ்களுக்கும் என்று பாதியை ஒதுக்கி வைத்தாலும் பத்து வருடம் யாரையும் அழிக்காமல் ஓட்டியிருக்கலாம். 1998இல் புதிய கம்ப்யூட்டர் வந்தது. 2.1 ஜி.பி. டிஸ்க். பழையதைப் போல 50 மடங்குக்கு மேல். பேக் ஆணை நின்றதா? இல்லை. முன்னைவிட ஒழுங்காக, பங்குனி மாதக் கணக்கு முடிப்போடு சேர்த்து நடந்தது.

இதைச் சொல்லும்போது நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். நட்சத்திரம் போட்ட வரிகள் குவிந்தால் கோப்பு மெதுவாகும் என்பது பொய்யில்லை. சனிக்கிழமை சாயங்காலம் 600 கவருக்கு ரிப்போர்ட் எடுக்கும்போது அந்த மெதுவின் வலி எனக்குத் தெரியும். ஆனால் வேகத்துக்குப் பழைய வரிகளை வேறொரு கோப்பில் நகர்த்தி வைத்தால் போதும். அழிக்க வேண்டியதில்லை. இடம், வேகம், திறன் என்கிற சொல்லாடல் இந்த இரண்டாவது வழியைக் கேள்வியாகவே எழவிடவில்லை.

மிச்சத்தை வீணாக்காத ஊர் என்று திருப்பூருக்கு ஒரு பெருமை உண்டு. கட்டிங் வேஸ்ட் மூட்டை மூட்டையாக விலைக்குப் போகும், பிரித்துப் பஞ்சாகி மறுபடியும் நூலாகும். ஏற்றுமதியில் கழித்த பனியன் காதர்பேட்டையில் விற்கும். மெஷின் துடைக்கும் துணிக்குக்கூட வியாபாரி உண்டு. துணியில் ஒரு துண்டை விடாதவர்கள் கோப்பில் ஒரு ஆளை ஏன் விட்டார்கள் என்று யோசித்தால், அந்தத் துண்டுக்கு விலை உண்டு, இந்த ஆளின் பழைய தேதிக்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும், அதுதான். (எல்லாவற்றையும் மீட்டார்கள் என்பதும் சரியில்லை. சாயத் தண்ணீரை நொய்யலில் விட்டுவிட்டு முடிந்தது என்று நினைத்தார்கள். அது 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் போய்த் தேங்கி நின்றது. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் வரை போனது அந்தக் கதை. நட்சத்திரம் போட்டால் பொருள் மறைந்துவிடாது.)

இனி என் பங்கு. 1995இல் கொஞ்சம் கெட்டிக்காரத்தனம் வந்துவிட்டது எனக்கு. ஒவ்வொரு முறையும் பேக் செய்வது வம்பு. நடுவில் கரண்ட் போனால் கோப்பே போய்விடும். அதனால் இடத்தை மறுபடி பயன்படுத்தும் ஒரு முறையை நிரலில் எழுதினேன். புதிய ஆள் சேரும்போது கோப்பின் கடைசியில் வரி சேர்க்காமல், நட்சத்திரம் போட்ட பழைய வரி ஒன்றைத் தேடிப்பிடித்து, ரீகால் செய்து, அதன்மேல் புதிய ஆளின் பெயரை எழுதிவிடுவது. ஃபாக்ஸ்ப்ரோ தெரிந்தவர்கள் பலரும் கையாண்ட உத்திதான் இது. கோப்பு வளராது, பேக் தேவைப்படாது. போனவளின் நாற்காலியில் வந்தவளை உட்கார வைத்தேன். அதைத் திறமை என்று நினைத்தேன்.

ஒரு பிழை விட்டிருந்தேன். பெயர், அப்பா பெயர், ரேட் எல்லாவற்றையும் புதிதாக எழுதிய நிரல், சேர்ந்த தேதியைக் காலியாக விட்டால் பழைய தேதியை அப்படியே வைத்துக்கொண்டது. அவசரத்தில் தேதி அடிக்காமல் விட்ட இடங்களில் முந்தைய ஆளின் தேதி தங்கிவிட்டது. 1996 தீபாவளி போனஸ் கணக்கில் அது வெளியே வந்தது. மூன்று மாதம் முன்னால் கைமடியாகச் சேர்ந்த ஒரு பெண் 1993 முதல் வேலை செய்வதாக ரிப்போர்ட் சொன்னது. மேனேஜர் முகம் வெளுத்துப் போனது. அந்த மாதிரி 11 பேர். என்னைத் திட்டவில்லை அவர். பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். "இந்த வேலையே வேண்டாம் தம்பி. மறுபடியும் உபயோகப்படுத்தறதெல்லாம் நமக்கு எதுக்கு. சுத்தமா எடுத்துருங்க." 1997 மார்ச்சில் ஒரு ராத்திரி மூன்று கம்பெனிக் கோப்புகளையும் பேக் செய்தேன். செய்வதற்கு முன்னால் ஒன்பது ஃப்ளாப்பியில் நகல் எடுத்து வைத்துக்கொண்டேன். தொழிலாளி வர்க்கத்துக்காக எடுத்தேன் என்று சொல்ல ஆசைதான். கரண்ட் போய்விடுமோ என்ற பயத்தில் எடுத்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் உலகத்தைப் பார்க்கலாம். அழிக்காமலே ஒரு தரவுத்தளம் கட்ட முடியுமா என்று அதே காலத்தில் ஒருவர் முயன்றிருக்கிறார். பெர்க்லி பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் 1980களின் நடுவில் தொடங்கிய போஸ்ட்கிரெஸ் திட்டத்தில் எந்த வரியும் திருத்தப்படுவதில்லை. திருத்தினால் புதிய வரி ஒன்று எழுதப்படும், பழையது எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை செல்லும் என்ற குறிப்போடு அப்படியே இருக்கும். போன மாதம் இந்தக் கோப்பு எப்படி இருந்தது என்று கேட்டால் அது சொல்லும். 'காலப்பயணம்' என்று அதற்குப் பெயரே வைத்திருந்தார்கள். பழைய வரிகளை அள்ளும் துப்புரவு நிரலுக்கு 'வேக்வம்' என்று பெயர். முதல் திட்டத்தில் அதன் வேலை பழையதைக் கொட்டுவதல்ல, ஆவணக் கிடங்குக்கு நகர்த்துவது. அது நடைமுறையில் நிலைக்கவில்லை. 1997இல் வந்த 6.2 பதிப்பில் காலப்பயணத்தை எடுத்துவிட்டார்கள். காரணம் வேகமும் இடமும். வேக்வம் மட்டும் மிஞ்சி, செத்த வரிகளின் இடத்தைப் புதிய வரிகளுக்கு விடுகிற கருவி ஆனது. நான் திருப்பூரில் ஒன்பது ஃப்ளாப்பியோடு உட்கார்ந்திருந்த அதே வருடம். இரண்டுக்கும் தொடர்பு எதுவும் கிடையாது. ஆனாலும் இடம் என்ற காரணத்துக்கு எதிரே கடந்தகாலம் எங்கேயும் நிற்க முடியவில்லை என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

2003இல் ஒரு அக்கா என்னைத் தேடி வந்தார். அப்போது நான் பி.என். ரோட்டில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் சென்டரில் ஜாதகம் அடித்துக்கொண்டிருந்தேன். பிசிர் வெட்டிக் கைமடியாகி, செக்கிங்குக்கு வந்தவர். கண் மங்கிவிட்டது, டேமேஜ் பீஸ் தப்பிப் போகிறது என்று நிறுத்திவிட்டார்கள். பத்து வருடம் வேலை செய்திருக்கிறார். பணிக்கொடை கேட்டால், 2001இல்தான் சேர்ந்தார், ஐந்து வருடம் ஆகவில்லை என்று கம்பெனி பதில் எழுதியிருந்தது.

"நீதான தம்பி கம்ப்யூட்டர்ல என்ற பேரப் போட்ட. நீ சொன்னா ஆகாதா?"

ஒன்பதில் ஐந்து ஃப்ளாப்பி படித்தது. நாலில் பூஞ்சை. படித்ததில் ஆள் விவரக் கோப்பும் வாரச் சம்பளக் கோப்பின் ஒரு பகுதியும் இருந்தன. ஆள் விவரக் கோப்பில் அக்காவின் பெயரைத் தேடினேன். முதல் கம்பெனியில் இல்லை. நட்சத்திரத்தோடும் இல்லை. ஒரு மணி நேரம் பார்த்த பிறகுதான் புரிந்தது. அவருடைய வரியில் வேறொரு பெண்ணின் பெயர் இருந்தது. 1996இல் நான் உட்கார வைத்த பெண். சேர்ந்த தேதி மட்டும் அக்காவுடையது. அவரை அழித்தது பேக் இல்லை. அதற்கு முன்னாலேயே என்னுடைய சிக்கனம் அழித்திருந்தது.

வாரக் கோப்பில் பெயரே கிடையாது, டோக்கன் நம்பர்தான். இடம் மிச்சம் பிடிக்க அப்படி அமைப்பது வழக்கம். நட்சத்திரம் போட்ட வரிகளில் 217 என்ற நம்பர் வாரா வாரம் வந்துகொண்டிருந்தது. 217 யார் என்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அக்கா வீட்டுக்குப் போய்த் தகரப்பெட்டியைக் கவிழ்த்தார். ரேஷன் கார்டு, மகளின் டி.சி., ஒரு பழைய சம்பளக் கவர். கவரின் மேலே பேனாவில் 217, பக்கத்தில் அவர் பெயர். கம்பெனியின் ரப்பர் ஸ்டாம்ப். கம்ப்யூட்டர் தொலைத்த முடிச்சு பெட்டிக்குள் காகிதமாகக் கிடந்தது.

உதவி தொழிலாளர் ஆணையர் முன்னால் இதைக் கொண்டு போனோம். 2000இல் வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டம் சாட்சியச் சட்டத்தில் 65பி என்ற பிரிவைச் சேர்த்திருந்தது. கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த ஆவணம் செல்ல வேண்டுமானால், அந்தக் கம்ப்யூட்டரை நடத்தும் பொறுப்பில் இருப்பவர் சான்றிதழ் தர வேண்டும். தொழிலாளர் துறை விசாரணையில் அது அட்சரம் பிசகாமல் பொருந்தாது என்று எங்கள் வக்கீல் சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல் எடுத்த எடுப்பில் கேட்டது அதைத்தான். சான்றிதழ் தர வேண்டியவர் யார்? பேக் பண்ணச் சொன்னவர். 2014இல் உச்சநீதிமன்றம் அன்வர் வழக்கில் அந்தச் சான்றிதழைக் கட்டாயம் என்றே ஆக்கியது. 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் 63ஆவது பிரிவாக அது தொடர்கிறது. 1994 ஜூனில் லண்டனில் பேசும்போது தெரிதா, ஆவணக்காப்பகம் என்ற சொல்லின் வேரிலேயே அதிகாரியின் வீடு இருக்கிறது என்றார். ஆவணத்தை வைத்திருக்கிறவனே அதற்குப் பொருள் சொல்லும் உரிமையையும் வைத்திருக்கிறான் என்று அதை விரித்துக்கொள்ளலாம். நான் அதைப் படித்தது பின்னாளில். எதிர்த்தரப்பு வக்கீல் அதை அரை நிமிஷத்தில் விளக்கிவிட்டார்.

கடைசியில் கம்பெனி ஆறு வருடத்துக்கு ஒத்துக்கொண்டது. கவரில் இருந்த ஸ்டாம்ப்தான் அவர்களை யோசிக்க வைத்தது, என் ஃப்ளாப்பி இல்லை. வழக்காகப் போகாமல் பேசி முடித்தார்கள். பத்தில் நாலு வருடம் போனது போனதுதான்.

முதலாளிகளை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வது சௌகரியம். 1984 வேலைநிறுத்தத்தின்போது எங்கப்பா இருந்த சங்கத்தில் ஒரு நீள நோட்டு இருந்தது. யாருக்கு எத்தனை படி அரிசி கொடுத்தோம், யார் வீட்டில் சாவு, யார் உள்ளே போய்விட்டார் என்று நாள்வாரியாக எழுதியது. அதைப் பார்க்க வேண்டுமென்று 2005 வாக்கில் போய்க் கேட்டேன். ஆபீஸ் மாற்றும்போது பழைய பேப்பரோடு போட்டுவிட்டார்களாம். "வெக்க எடமில்லீங்க தோழர்" என்றார் அங்கே இருந்தவர். வார்த்தை மாறாமல் அதே பதில். 127 நாளின் உள்ளூர்ச் சரித்திரம் அன்றைய பழைய பேப்பர் விலைக்குப் போயிருக்கிறது. துரோகம் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். கட்சி வரலாறு தலைவர்களுக்கு என்றும் அரிசிக் கணக்கு கரையானுக்கு என்றும் நாமே பிரித்து வைத்திருக்கும்போது, அவரை மட்டும் என்ன சொல்ல.

பணத்தின் கடந்தகாலத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பது அரசுக்கு நன்றாகவே தெரியும். 2023 ஏப்ரல் 1 முதல், கணக்கு எழுதும் மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு பதிவாக வேண்டும், அந்தப் பதிவை யாரும் அணைக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்று கம்பெனிகளுக்கான விதி வந்தது. நட்சத்திரம் போட்டு மறைக்கும் வேலை கணக்குப் புத்தகத்தில் இனி நடக்காது என்று பொருள். ஸ்டோன்பிரேக்கரின் காலப்பயணம் சட்டமாகத் திரும்பி வந்திருக்கிறது. விதி, கம்பெனிச் சட்டப்படி பதிவான கம்பெனிகளுக்கு மட்டும். திருப்பூரில் பாதி உலகம் கூட்டாளி நிறுவனமும் தனியுரிமை நிறுவனமும்தான். அதோடு அது கணக்குப் புத்தகத்தைப் பற்றிய விதி. ஒரு ஆளுக்கு இந்த வருடத்தில் எத்தனை டோக்கன் நம்பர் மாறியது என்பது கணக்குப் புத்தகத்தில் வராது. 2014 முதல் பி.எஃப்.பில் ஒரே நம்பர் ஆளோடு கூடவே போகிறது, அது நல்லதுதான். பி.எஃப். பிடிப்பவர்களுக்கு. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து காண்ட்ராக்டரின் கீழே விடுதியில் தங்கி வேலை செய்பவரின் நாட்கள் எல்லாம் அந்த நம்பருக்குள் வருவதில்லை. அவை கைரேகை மெஷினில் இருக்கும். அந்த மெஷினின் மெனுவிலும் வருகைப் பதிவை அழிக்க ஒரு வரி இருக்கிறது.

2003இல் அந்த வாரக் கோப்பை 'ரீகால் ஆல்' கொடுத்து, 217ஐ மட்டும் பிரித்து அச்செடுத்து அக்காவிடம் காட்டியது ஞாபகம் இருக்கிறது. எல்லா நட்சத்திரமும் போய் வரிகள் வரிசையாக வந்தபோது எனக்கு ஏதோ சாதித்த மாதிரி இருந்தது. அக்காவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது, நம்பர் வரும். விரலை வைத்து ஒவ்வொரு வாரமாக இறங்கி வந்தார். ஓரிடத்தில் நின்றார்.

"இதென்ன தம்பி, இந்த வாரம் ஏழு ஷிப்டுன்னு போட்ருக்குது?"

"ஆமாங்க்கா. அப்படித்தான் இருக்குது."

"தூத்துக்குடிக்கு லாரி ஏத்துன வாரம் இது. தீவாளிக்கு முந்துன வாரம். பத்தரை ஓட்டுனோம். ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் வேன்ல கொண்டு வந்து உட்டாங்க. ஞாயித்துக்கெழமையும் ஓட்டுனோமே."

ராத்திரி ஷிப்டுக்குச் சூப்பர்வைசர் துண்டுச் சீட்டு எழுதுவார். அந்தப் பணம் தனியாகப் போகும், கோப்புக்கு வராது. எனக்கு அது அன்றைக்கே தெரியும். என்னிடம் வந்ததை நான் அடித்தேன். இத்தனை பாடுபட்டு மீட்ட கோப்பில் அந்த மூன்றரை ஷிப்டு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

அக்கா என் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, அந்த ஏழின்மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 10½ என்று எழுதினார். பிறகு அடுத்த வாரத்துக்குப் போனார். சாயங்காலம் வரை உட்கார்ந்து 31 இடத்தில் திருத்தினார். ஆணையர் முன்னால் கொடுத்தது வேறொரு சுத்தமான நகல். திருத்தின தாள் என்னிடம் இருக்கிறது.